கால் தமனி வீக்கத்தை அளக்க எந்தப் பரிசோதனை ஏற்றது? ஓர் ஒப்பீடு

முழங்காலுக்குப் பின்னே ஓடும் பாப்லிடீயல் தமனியில் வீக்கம் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட ஒருவர், அடுத்து எந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது என்று கேட்டால், எல்லாவற்றையும் செய்துவிடுங்கள் என்பது நல்ல பதில் ஆகாது. கையால் தொட்டுப் பார்த்தல், டாப்ளர் ஸ்கேன், சி.டி. ஆஞ்சியோகிராம், எம்.ஆர். ஆஞ்சியோகிராம், கதீட்டர் வழியாக எடுக்கப்படும் ஆஞ்சியோகிராம் ஆகிய ஐந்தும் ஒரே தமனியைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் அவை காண்பது ஒன்றல்ல. சில தமனியின் சுவரைக் காண்கின்றன. சில, இரத்தம் ஓடும் உள்வழியை மட்டுமே காண்கின்றன. ஆகையால் ஒரே வீக்கத்துக்கு இரண்டு அறிக்கைகளில் இரண்டு அளவுகள் வந்தால், யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. எதை, எங்கிருந்து எங்குவரை அளந்தார்கள் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வி வெறும் நுணுக்கம் அன்று, சிகிச்சை முடிவே இதில் தொங்குகிறது. வளர்ந்த ஆணின் பாப்லிடீயல் தமனி பொதுவாக 7 முதல் 11 மி.மீ. வரை குறுக்களவு கொண்டது. பெண்களுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தமனி தனக்குரிய இயல்பான குறுக்களவைவிட 50 சதவீதமோ அதற்கு மேலோ ஓரிடத்தில் நிலையாக விரிந்திருந்தால் அதை அனியூரிசம் என்று கொள்ளலாம் என்பது 1991-இல் வெளியான அறிக்கைத் தரநிலைகளிலிருந்து இன்றுவரை பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. தொந்தரவு எதுவும் தராத பாப்லிடீயல் வீக்கம் 20 மி.மீ. அளவை எட்டினால் அதைச் சரிசெய்வது பற்றி எண்ண வேண்டும் என்றும், அறுவைக்கான ஆபத்து மிகுந்த நோயாளிகளில், குறிப்பாக உள்ளே இரத்த உறைவு இல்லாதபோது, 30 மி.மீ. வரை பொறுக்கலாம் என்றும் அமெரிக்காவின் இரத்தநாள அறுவை மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 20 என்ற எல்லைக்கோட்டில் 2 மி.மீ. பிழை என்பது பத்தில் ஒரு பங்கு. வயிற்றுப் பெருந்தமனியில் 50 அல்லது 55 மி.மீ. எல்லைகளைப் பற்றிப் பேசும்போது பொருட்படுத்தாமல் விடக்கூடிய வேறுபாடு, காலில் ஒருவரை அறுவை அரங்குக்கு அனுப்பவோ வீட்டுக்கு அனுப்பவோ போதுமானதாகிவிடுகிறது.

வயிற்றுத் தமனி வீக்கத்துக்கும் கால் தமனி வீக்கத்துக்கும் இன்னொரு அடிப்படை வேறுபாடு உண்டு. வயிற்றில் அஞ்சப்படுவது வெடிப்பு. முழங்காலுக்குப் பின்னால் வெடிப்பது அரிது. அங்கே அஞ்ச வேண்டியது உறைவு. வீங்கிய பையின் உட்புறத்தில் அடுக்கடுக்காகப் படியும் இரத்த உறைவிலிருந்து சிறு துணுக்குகள் பிய்ந்து கீழே சென்று, காலின் மூன்று சிறு தமனிகளையும் ஒவ்வொன்றாக அடைக்கலாம். அல்லது பை முழுவதுமே ஒரு நாள் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். கால் இழப்புக்கு இட்டுச் செல்வது பெரும்பாலும் இந்த வழியே. ஆகவே எந்தப் பரிசோதனையைத் தேர்ந்தாலும் அது மூன்று செய்திகளைத் தந்தாக வேண்டும்: சுவரோடு சேர்த்து வீக்கத்தின் முழு அளவு, உள்ளே படிந்துள்ள உறைவு, முழங்காலுக்குக் கீழே பாதம் வரை செல்லும் தமனிகளின் நிலை. பின்வரும் ஒப்பீட்டை நான் இந்த மூன்றையும் வைத்தே செய்கிறேன்.

கையால் தொட்டறிவது மிகப் பழைய வழி. இலண்டனில் ஜான் ஹண்டர் 1785-இல் ஒரு வண்டியோட்டியின் பாப்லிடீயல் வீக்கத்துக்காகத் தொடையில் தமனியைக் கட்டி அறுவை செய்தபோது நோயறிய அவருக்கு இருந்த கருவிகள் கண்ணும் கையும் மட்டுமே. தொடையில் அந்தத் தமனி செல்லும் குடைவழி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. முழங்காலைச் சற்று மடக்கி, தசைகளைத் தளரவிட்டு, இரு கைவிரல்களாலும் பின்புறக் குழியில் ஆழமாக அழுத்தினால் நாடித்துடிப்பு தெரியும். இயல்பான காலில் தேடித்தான் பிடிக்க வேண்டிய அந்தத் துடிப்பு, தொட்டவுடன் அகலமாகவும் வலுவாகவும் விரல்களைத் தள்ளினால் வீக்கத்தை ஐயுற வேண்டும். ஆனால் சிறிய வீக்கங்களும் பருத்த கால்களில் உள்ள வீக்கங்களும் கைக்குத் தப்பிவிடுகின்றன. முழுதும் உறைந்து அடைபட்ட வீக்கத்தில் துடிப்பே இருக்காது, கெட்டியான ஒரு கட்டி மட்டுமே தட்டுப்படும். எனவே கை ஐயத்தை எழுப்பும் கருவி மட்டுமே. கையால் மதிப்பிட்ட ஓர் அளவை எந்த முடிவுக்கும் அடிப்படையாகக் கொள்ளக் கூடாது.

அடுத்து டாப்ளர் ஸ்கேன். இதன் முழுப்பெயர் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட். தமனியின் வடிவத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாகவும் இரத்த ஓட்டத்தை வண்ணமாகவும் அலைக்கோடாகவும் ஒருசேரக் காட்டுவது. ஊசி இல்லை, சாயமருந்து இல்லை, கதிர்வீச்சு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். சுவர், உறைவு, உள்வழி மூன்றையும் அது தனித்தனியாகக் காட்டுகிறது. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது கூடுதலாக உதவுகிறது. செயற்கை மூட்டின் உலோகம் சி.டி., எம்.ஆர். படங்களில் சரியாக அந்த இடத்தையே மறைத்துவிடக்கூடும், அல்ட்ராசவுண்டோ பின்புறத்திலிருந்து நேராகத் தமனியை அடைந்துவிடுகிறது. முதற்பரிசோதனையாக வேறெதையும் இதற்கு முன்னால் வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆனால் இதன் நன்மை முழுவதும் செய்பவரின் கையில் இருக்கிறது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். நோயாளி குப்புறவோ ஒருக்களித்தோ படுத்து, முழங்காலை இலேசாக மடக்கியிருக்க வேண்டும். முழுதும் நீட்டிய முழங்காலில் தமனி இறுகி நசுங்கித் தோன்றலாம். அளவை எடுக்கும்போது வண்ணத்தை அணைத்துவிட வேண்டும், ஏனெனில் வண்ணம் சுவரின் மேல் வழிந்து எல்லையை மறைக்கும். குறியீட்டுப் புள்ளிகளைச் சுவரின் வெளிவிளிம்பிலிருந்து எதிர்ச் சுவரின் வெளிவிளிம்புவரை வைக்கிறார்களா, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை வைக்கிறார்களா என்பது மிக முக்கியம்: இருபுறச் சுவர்களின் தடிமனும் சேர்ந்து 2 மி.மீ. வேறுபாட்டை எளிதில் உண்டாக்கும். உறைவு படிந்த பையில் இரத்தம் ஓடும் உள்வழியை மட்டும் அளந்துவிட்டால், பிழை சில மில்லிமீட்டர்களோடு நிற்காது, 28 மி.மீ. பை 9 மி.மீ. கொண்ட நல்ல தமனியாக அறிக்கையில் பதிவாகிவிடும்.

இன்னொரு பிழை சாய்வால் வருவது. மூங்கிலை நேராக அறுத்தால் வட்டமும், சாய்த்து அறுத்தால் நீள்வட்டமும் கிடைப்பதைப் போல, தமனியின் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக வெட்டிக் காட்டிய படத்தில் வட்டமான வீக்கம் நீண்டு தெரியும். 30 பாகை சாய்வில் 18 மி.மீ. குறுக்களவு கொண்ட தமனி, நீளும் திசையில் ஏறத்தாழ 21 மி.மீ. என்று காட்டும். அதாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டிய ஒருவர் வெறும் சாய்வினால் 20 மி.மீ. எல்லையைத் தாண்டிவிடுவார். வீங்கிய தமனி நீளவாக்கிலும் வளர்ந்து முழங்காலுக்குப் பின்னே வளைந்து நெளிந்து கிடப்பதால் இந்தச் சாய்வு அரிதான தவறாக இருப்பதில்லை. நீளவாட்டுப் படத்திலும் குறுக்குவாட்டுப் படத்திலும் அளந்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும், குறுக்குவெட்டு நீள்வட்டமாகத் தெரிந்தால் ஆய்கோலை (தோலின்மேல் வைக்கும் ஸ்கேன் கருவியை) திருப்பி வட்டத்தை மீட்டெடுப்பதும் இதற்கான எளிய காப்பு.

டாப்ளரைப் பற்றிப் பேசும்போது முழங்காலுக்குப் பின்னே வரும் பிற வீக்கங்களையும் சொல்லாமல் விட முடியாது. பேக்கர் சிஸ்ட் எனப்படும் மூட்டுநீர்க் கட்டி அங்கேதான் வரும். அதற்குள் இரத்த ஓட்டம் இருக்காது. முழுதும் உறைந்த அனியூரிசத்துக்குள்ளும் ஓட்டம் இருக்காது. இரண்டையும் பிரிப்பது, கட்டியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் தமனி அதனோடு தொடர்கிறதா என்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பதே. அதேபோல் கால் வீங்கி வருபவருக்கு ஆழ்சிரையில் உறைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதும் ஆபத்தானது. பெரிய பாப்லிடீயல் வீக்கம் பக்கத்துச் சிரையை அழுத்திக் காலை வீங்கச் செய்யும். சில நேரங்களில் அந்தச் சிரையில் உறைவையும் உண்டாக்கும். சிரையைப் பார்க்கும் அதே ஆய்கோலைச் சிறிது நகர்த்தினால் தமனி தெரியும். அந்தச் சில நொடிகளை எவரும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டாப்ளருக்கு எல்லைகளும் உண்டு. தொடையின் கீழ்ப்பகுதியில் தமனி ஆழத்தில் செல்லும் குடைவழி தெளிவாகத் தெரியாமல் போகலாம். மிகப் பருத்த காலிலும், வீங்கிப் புண்பட்ட காலிலும், சுவரில் சுண்ணாம்பு (கால்சியம்) அடர்ந்து படிந்த இடத்திலும் படம் குறைவுபடும். முழங்காலுக்குக் கீழ் உள்ள மூன்று தமனிகளைப் பாதம் வரை பின்தொடர நேரமும் தேர்ச்சியும் வேண்டும். இங்கேதான் சி.டி. ஆஞ்சியோகிராம் உள்ளே வருகிறது.

சி.டி., வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து பாதம் வரை முழு வழியையும் ஒரே முறையில் படம்பிடிக்கிறது. சுவரையும் உறைவையும் உள்வழியையும் பிரித்துக் காட்டுவதில் அது டாப்ளருக்குக் குறைந்ததல்ல. அதன் பெரிய சிறப்பு, படம் எடுத்து முடிந்த பின்னும் கணினியில் தமனியின் மையக்கோட்டை வரைந்து, அதற்குச் செங்குத்தாக எந்த இடத்திலும் வெட்டி அளக்க முடிவதே. வீக்கத்துக்கு மேலும் கீழும் உள்ள நல்ல தமனியின் குறுக்களவு, ஸ்டென்ட் (தமனிக்குள் வைக்கும் குழல்) பதிய வேண்டிய இடத்தின் நீளம், முழங்கால் மடியும் இடத்திலிருந்து வீக்கம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பனவெல்லாம் அறுவைக்கோ உறையிட்ட ஸ்டென்ட்டுக்கோ திட்டமிடுபவருக்குத் தேவை. ஸ்டென்ட்டின் அளவு நல்ல தமனியின் குறுக்களவைச் சார்ந்தே முடிவாவதால் அங்கு ஒரு மில்லிமீட்டரும் கணக்கில் வரும். இந்த வேலைக்கு டாப்ளர் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் மையக்கோட்டில் அளக்காமல், உடலுக்குக் குறுக்காக வெட்டிய சாதாரணச் சி.டி. படத்தில் மிகப் பெரிதாகத் தெரியும் கோட்டை அளந்து அறிக்கை எழுதினால், மேலே சொன்ன சாய்வுப் பிழை அப்படியே திரும்ப வந்துவிடும். அத்தகைய படமே கையில் இருந்தால் நீள்வட்டத்தின் குறுகிய அளவு உண்மைக்கு அருகில் இருக்கும். இன்னொரு நுட்பம் சாயமருந்தின் நேரக்கணக்கு: பெரிய பைக்குள் இரத்தம் சுழன்று மெதுவாக நகர்வதால், படம் எடுக்கும் நொடியில் சாயமருந்து பாதத்தை எட்டியிருக்காது, திறந்திருக்கும் கீழ்த்தமனிகள் அடைபட்டவை போலத் தோன்றும். ஐயம் இருந்தால் முழங்காலுக்குக் கீழ் இரண்டாம் முறை உடனே படமெடுத்துக்கொள்வது நல்லது. சுண்ணாம்பு அடர்ந்த சிறு தமனிகளிலும் வெண்மை பெருகித் தோன்றி, திறந்த உள்வழியை மறைத்துவிடும். நீரிழிவோடும் நீண்டகாலச் சிறுநீரக நோயோடும் வருபவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது.

சி.டி.க்குத் தரும் விலை கதிர்வீச்சும் அயோடின் சாயமருந்தும். இவற்றில் எது எவருக்குப் பெரிது என்பது ஆளைப் பொறுத்தது. இந்த நோய் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆண்களுக்கு வருவது என்பதால், சிகிச்சைக்காக ஒரு முறை எடுக்கும் படத்தின் கதிர்வீச்சைப் பற்றி மிகவும் அஞ்ச வேண்டியதில்லை. சிறுநீரகத்தைப் பற்றியே அதிகம் எண்ண வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமலும் முன்பு சாயமருந்து ஒவ்வாமை இருந்ததா என்று கேட்காமலும், காத்திருக்க நேரமுள்ள ஒருவருக்குப் படம் எடுக்கக் கூடாது. ஆண்டுதோறும் செய்யும் கண்காணிப்புக்குச் சி.டி.யைப் பயன்படுத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. டாப்ளர் தரும் அதே செய்தியை, ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் தீங்கோடு பெறுவதில் பயன் இல்லை.

எம்.ஆர். ஆஞ்சியோகிராமுக்குக் கதிர்வீச்சு இல்லை. சுண்ணாம்பு அதன் படத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. சுண்ணாம்பு படிந்த கீழ்த்தமனிகளின் வரைபடம் வேண்டும்போது சி.டி.யைவிட இது நன்றாக உதவலாம். ஆனால் வழக்கமாகக் காட்டப்படும் அழகிய முழுக்கால் படம் உள்வழியை மட்டுமே காட்டுகிறது. சுவரையும் உறைவையும் காண, குறுக்குவெட்டுப் படங்களைத் தனியாக எடுத்து அவற்றில் அளக்க வேண்டும். சாயமருந்தில்லாமல் ஓட்டத்தை வைத்தே படம் உருவாக்கும் முறையில், வீக்கத்துக்குள் சுழலும் மெதுவான இரத்தம் படத்தில் வராமல் விடுபட்டுப்போவதும் உண்டு. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு முன்கூட்டிய சரிபார்ப்பு வேண்டும். நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டும். கடுமையான சிறுநீரகச் செயலிழப்பில் காடோலினியம் சாயமருந்தும் எச்சரிக்கைக்குரியதே, ஏனெனில் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் ஓர் அரிய நோயோடு அதன் சில வகைகள் தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. அயோடின் ஒவ்வாமை உள்ளவருக்கும், டாப்ளர் போதாமல் சி.டி.யும் இயலாதவருக்கும் இது நல்ல மாற்று.

கதீட்டர் ஆஞ்சியோகிராம் ஒரு காலத்தில் தமனிப் படங்களுக்கெல்லாம் அளவுகோலாக இருந்தது. கீழ்க்கால் தமனிகளைக் காட்டும் தெளிவில் இன்றும் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. ஆனால் அனியூரிசத்தை அளக்கும் வேலைக்கு இந்த ஐந்தில் அதை நம்பிச் செல்வது பெரும் பிழையாக முடியலாம். தமனிக்குள் செலுத்திய சாயமருந்து நிரப்பும் இடத்தை மட்டுமே அது காட்டுகிறது. பையின் உட்சுவரில் உறைவு சமமாகப் படிந்து நடுவில் இயல்பான அளவு வழியை விட்டிருந்தால், படத்தில் நேரான, ஆரோக்கியமான தமனி தெரியும். வீக்கமே இல்லை என்று முடிவு கட்டவும் அந்தப் படம் இடங்கொடுக்கும். அது தமனியில் துளையிட்டுச் செய்யும் பரிசோதனை என்பதால், துளையிட்ட தொடைமடிப்பில் இரத்தக்கசிவோ, கசிந்த இரத்தம் தேங்கி உருவாகும் போலி அனியூரிசமோ உண்டாகவும் வாய்ப்புண்டு. ஆகவே நோயறிவதற்கென்று மட்டும் இதைச் செய்வதற்கு இடமில்லை. அதே அமர்வில் சிகிச்சையும் செய்யப்போகும்போது இதற்கு இணை இல்லை. திடீரென அடைத்த காலில் உறைவைக் கரைக்கும் மருந்தைக் குழாய் வழியாகச் செலுத்தி, கீழ்த்தமனிகள் திறக்கின்றனவா என்று மணிக்கணக்கில் பார்த்துச் செல்வது இதனால்தான் முடிகிறது.

இவற்றுக்கு நடுவே கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் ஏ.பி.ஐ. சோதனைக்கும் ஓர் இடம் உண்டு. அது வீக்கத்தை அளக்காது. 0.9-க்குக் கீழ் இறங்கினால் கீழே ஓட்டம் குறைந்திருப்பதைச் சொல்லும். சுண்ணாம்பால் விறைத்த தமனிகளில் 1.4-க்கு மேல் பொய்யாக ஏறும், அப்போது கால்விரல் அழுத்தத்தை அளக்க வேண்டும். கண்காணிப்பில் உள்ள ஒருவருக்கு வீக்கத்தின் அளவு மாறாமல் இந்த விகிதம் மட்டும் இறங்கியிருந்தால், துணுக்குகள் சத்தமில்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கின்றனவோ என்று தேட வேண்டும்.

இனி முடிவெடுக்கும் இடங்களுக்கு வரலாம். தொந்தரவில்லாத ஒருவருக்கு ஐயம் எழுந்தால் டாப்ளர் ஒன்றே போதும். 20 மி.மீ.க்குக் குறைவாகவும் உள்ளே உறைவில்லாமலும் இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை அதே வகை இயந்திரத்தில், அதே நிலையில் படுக்கவைத்து, அதே விளிம்பிலிருந்து அதே விளிம்புவரை அளக்கச் செய்து ஒப்பிட வேண்டும். சென்ற ஆண்டு டாப்ளரில் 17, இந்த ஆண்டு சி.டி.யில் 20 என்றால் வீக்கம் வளர்ந்தது என்று சொல்ல முடியாது. உறைவு இருக்கிறது, கீழ்த்தமனிகள் அடைபட்டு வருகின்றன என்றால் 20 மி.மீ.க்குக் கீழேயும் சரிசெய்வதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். அளவை மட்டும் வைத்துக் காத்திருப்பது அங்கே பொருந்தாது. சரிசெய்வது என்று முடிவானால் சி.டி. எடுக்க வேண்டும், அத்துடன், வீக்கத்தைத் தவிர்த்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் மாற்றுவழிக்கு (பைபாஸ்) பயன்படும் காலின் மேற்சிரை தகுந்த அகலத்தோடு இருக்கிறதா என்பதை டாப்ளரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, மரத்துப்போய், வலியோடு வருபவரின் நிலை முற்றிலும் வேறு. அங்கே நேரமே முதல் அளவுகோல். படுக்கையருகே எடுக்கும் விரைவான டாப்ளர், மூடிய பையைக் காட்டிவிடக்கூடும்; உணர்ச்சியும் அசைவும் காக்கப்பட்டிருந்தால் சி.டி.க்கு நேரம் உண்டு. அசைவே போய்க்கொண்டிருக்கிறது என்றால் நேரே அறுவை அரங்குக்குச் சென்று அங்கேயே கதீட்டர் படம் எடுப்பது சரி. மற்றக் காலின் முழங்கால் குழியையும் அந்த வேளையில் தொட்டுப் பார்ப்பது பெரிய துப்பைத் தரும், ஏனெனில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இரு கால்களிலும் இருக்கிறது. வயிற்றுப் பெருந்தமனியிலும் வீக்கம் இருப்பவர்கள் இவர்களில் கணிசமானோர் என்பதால், காலில் ஒன்றைக் கண்டவுடன் மறு காலையும் வயிற்றையும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பது விருப்பத்துக்கு விடப்படும் செயல் அன்று.

தொடைமடிப்பில் வரும் வீக்கத்தில் முதலில் பிரித்தறிய வேண்டியது, அது சுவர் விரிந்த உண்மையான அனியூரிசமா, அண்மையில் ஊசியோ கதீட்டரோ நுழைந்த துளையிலிருந்து கசிந்து உருவான போலி அனியூரிசமா என்பதே. டாப்ளரில் குறுகிய கழுத்தும், அதன் வழியே இரத்தம் உள்ளே சென்று திரும்பும் இருதிசை அலைக்கோடும் தெரிந்தால் அது போலி. அதே ஆய்கோலின் கண்காணிப்பில் இரத்தத்தை உறையச் செய்யும் துரோம்பின் ஊசி செலுத்தி அதை அடைத்துவிடவும் முடியும். உண்மையான தொடைத் தமனி வீக்கத்துக்கு 25 மி.மீ. என்ற பழைய எல்லை இன்று சற்றுத் தளர்த்தப்பட்டு, உறைவில்லாதவர்களுக்கு 35 மி.மீ. வரை காத்திருக்கலாம் என்ற கருத்தும் நிலவுகிறது.

சரிசெய்த பிறகும் அளவெடுப்பது தொடர வேண்டும். மாற்றுவழி போட்டு, பழைய பையை மேலும் கீழும் கட்டிவிட்ட பின்னரும், முழங்கால் மூட்டுக்குச் செல்லும் சிறு கிளைகள் வழியே இரத்தம் திரும்பி நுழைந்து அந்தப் பையை மீண்டும் பெருக்கச் செய்யலாம். உறையிட்ட ஸ்டென்ட்டின் ஓரத்தில் கசிவு இருந்தாலும் அப்படியே. இங்கே டாப்ளர், ஸ்டென்ட் அல்லது மாற்றுவழிக்குள் ஓட்டம் சீராக இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், கைவிடப்பட்ட பையின் வெளிக்குறுக்களவையும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்ய வேண்டும். அது வளர்ந்துவருவது தெரிந்து, கசியும் வழி டாப்ளரில் புலப்படாதபோது, மீண்டும் ஒரு சி.டி. எடுக்க அதுவே போதிய காரணம்.